நாஞ்சில் நாட்டுக் குரல்கள் – 17: தேரூர் ‘தே.வி.’

சென்ற பகுதியை வடிவீசுவரத்தில் நிறுத்தியிருந்தேன். 1839-இல் அங்கே பிறந்த நீலகண்ட சிவன் பத்மநாபபுரத்தில் வாழ்ந்து, சிவன் மேல் கீர்த்தனை கீர்த்தனையாகப் பாடி, 1900-இல் மறைந்தார். அந்த ஆண்டில் சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியருக்கு வயது 24. பின்னாளில் அவரும் கீர்த்தனை எழுதினார். ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் மிக நீளம். அவருடைய கீர்த்தனை நூல் 1953-இல்தான் வெளிவந்தது. அப்போது அவர் 77 வயதுக் கிழவர். அடுத்த ஆண்டு காலமானார்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைத் தமிழர்கள் அறிந்திருப்பது பாலர் வகுப்புப் பாட்டுகள் வழியாக. அவர் கல்வெட்டு படித்தவர், ஏடு தேடியவர், ஒரு சமூகத்தின் சொத்துச் சட்டத்தை வைத்துக் காவியம் கட்டியவர், ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதியவர், இசைப் பாடலுக்குச் சொல் தந்தவர். இத்தனை ஆட்களும் ஒருவரே என்பது நம்மில் பலருக்குத் தெரியாமல் போனது எனக்கு வெகுநாள் வருத்தம். ஐந்து வயதில் கேட்ட கன்றுக்குட்டிப் பாட்டோடு அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

தேரூருக்குப் போவோம். அகத்தீசுவரம் வட்டத்தின் வயற்காடு. குளம், வாய்க்கால், கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக ஆண்டுக்கு இரண்டு விளைச்சல். ஊரிலிருந்து சற்று நடந்தால் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், தட்டினால் ஒலிக்கும் அதன் இசைத் தூண்கள், மார்கழித் திருவிழா, தேரோட்டம், நாகசுரம். 1876-இல் சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமிக்கும் இரண்டு பெண்களுக்குப் பிறகு மூன்றாவதாகப் பிறந்தவர் தேசிகவிநாயகம். ஒன்பது வயதில் தந்தை போய்விட்டார்.

அன்றைக்கு நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்முனை. வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ், சந்தையில் தமிழ். பள்ளிக்கூடத்தில் மட்டும் மலையாளம். பையன் தேரூர்ப் பள்ளியில் மலையாளமே படித்தான். தமிழ் அவனுக்குக் கிடைத்தது பள்ளிக்கு வெளியே. பக்கத்தில் வாணன்திட்டில் திருவாவடுதுறை ஆதீனத்தின் மடம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் சாந்தலிங்கத் தம்பிரான் இந்தப் பையனை அருகே உட்காரவைத்து இலக்கணமும் இலக்கியமும் சொல்லிக்கொடுத்தார். செய்யுள் கட்டவும் அவரே தூண்டினார். அழகம்மை ஆசிரிய விருத்தம் அந்த நாட்களில் பிறந்த முதல் முயற்சிகளில் ஒன்று.

இந்த இடத்தைக் கடந்து போகாமல் கொஞ்சம் நிற்கவேண்டும். அரசாங்கத்தின் மொழி ஒன்று, அடுக்களையின் மொழி வேறு என்று இருக்கிற ஊரில் வளரும் பிள்ளைக்குத் தாய்மொழியின் ஒவ்வொரு சொல்லும் காதில் தனியாக விழும். தமிழை அவர் பாடத்திட்டமாகப் படிக்கவில்லை. தம்பிரானின் வாயிலிருந்தும் அம்மாவின் வாயிலிருந்தும் கேட்டே படித்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய எந்த வரியையும் உரக்கப் படித்துப் பாருங்கள், நாக்கு எங்கும் தடுக்காது. கேட்டுக் கற்றவரின் தமிழ் அது.

கேட்பதற்கு அந்த வட்டாரத்தில் என்னென்ன இருந்தன! அம்மன் கோயில், மாடன் கோயில், இசக்கி கோயில் என்று ஊருக்கு ஊர் கொடை விழா. கொடை என்றால் வில்லுப்பாட்டு. நடுவில் வில்லை வைத்துக்கொண்டு புலவர் வீசுகோலால் நாணைத் தட்டுவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை சேரும். வலப்பக்கமும் இடப்பக்கமும் இருப்பவர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ஒரு கதை முடிய இரவு முழுவதும் ஆகும். கிழக்கே மயிலாடியில் 1806-இல் ரிங்கல்தௌபே பாதிரியார் வந்து தொடங்கிய சபையில், பல்லவி அனுபல்லவி சரணம் என்ற அதே கட்டில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் ஒலித்தன. சாமிதோப்பில் அய்யாவழியினரின் அகிலத்திரட்டு வாசிப்பு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், குமாரகோயில் வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் புறப்படுவார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாளின் கிருதிகளோடு கச்சேரி. சாமிகளே பாட்டுக் கேட்கப் போய்வருகிற நாடு இது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலை. கோட்டாற்றில் தொடங்கி, நாகர்கோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, திருவனந்தபுரம் மகளிர் கல்லூரி என்று ஏறத்தாழ 36 ஆண்டுகள். 1901-இல் புத்தேரி உமையம்மையைத் திருமணம் செய்துகொண்டார். 1931-இல் ஓய்வு பெற்றதும் புத்தேரிக்கே வந்து தங்கினார். அந்தத் தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. தமிழ்நாட்டுக் குழந்தைகளின் நாவில் ஏறிய பாட்டுகளை எழுதியவர் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. இதைப் பலர் உருக்கமாகச் சொல்வார்கள். எனக்குப் பாட்டின் கட்டமைப்புதான் முதலில் கண்ணில் படுகிறது. குழந்தையின் ஒரு மூச்சில் எத்தனை அசை அடங்குமோ அத்தனைதான் ஓர் அடி. அடி முடியும் இடத்தில் குழந்தை மூச்சு வாங்கும். வகுப்பறையில் பல ஆண்டுகள் பிள்ளைகளின் வாயைக் கவனித்தவரால் மட்டுமே இப்படிக் கட்ட முடியும்.

இனி அவருடைய இன்னொரு தொழிலுக்கு வருவோம்: கல் படிப்பது.

இந்தத் தொடரின் தொடக்கத்தில் மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளையைப் பார்த்தோம். 1891-இல் நாடகம் வெளியிட்டவர், 1894-இல் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றிக் கல்வெட்டுகளை வைத்து ஆங்கிலத்தில் நூல் எழுதியவர், 42 வயதில் 1897-இல் போய்விட்டவர். கவிஞனும் கல்வெட்டாளனும் ஒரே ஆளாக இருப்பது தெற்குத் திருவிதாங்கூரில் அவரிடம் தொடங்கிய வழக்கம். தேசிகவிநாயகம் அதை விடாமல் தொடர்ந்தார். கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளைப் பார்த்தார். கொல்லம் ஆண்டைக் கணக்கிட்டு அரசர்களின் வரிசையைச் சரிபார்த்தார். கூடவே ஏட்டுச் சுவடிகளையும் தேடினார். வில்லுப்பாட்டுப் புலவர்களின் வீட்டுப் பரணில் கிடந்த கதைப்பாடல் ஏடுகள் பல அவர் கைக்கு வந்தன. படித்த தமிழர்கள் அவற்றை இலக்கியமாகவே கருதாத காலம் அது. அரண்மனைக் கல்வெட்டு சொல்லாத செய்தியை ஊர்க்கதை சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை அவருக்கு நண்பரானார். பின்னர் 1926-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியரானவர் இதே வையாபுரிப் பிள்ளைதான். ஏடுகளும் சொற்களும் புத்தேரிக்கும் சென்னைக்கும் இடையே போய்வந்தன. பேரகராதிப் பணியில் மதிப்பியல் உதவியாளர் என்ற நிலையில் கவிமணிக்கும் பங்கு உண்டு. ஒரு சொல்லின் பொருளை உறுதி செய்ய எத்தனை மேற்கோள் வேண்டும் என்று பழகிய மனம், தானே பாட்டு எழுதும்போது தேவையில்லாத சொல்லைத் தொடாது.

அவருடைய ஆராய்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டாகக் காந்தளூர்ச் சாலையைச் சொல்கிறேன். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அவன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததைப் பெருமையாகச் சொல்கிறது. கலம் என்றால் கப்பல், சேரனின் கப்பல்களை அழித்தான் என்பது பலர் கொண்ட பொருள். அப்படியானால் சாலை என்பது துறைமுகமா, படைத்தளமா? நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பார்த்திவசேகரபுரம் இருக்கிறது. அங்கே ஆய் அரசன் கருநந்தடக்கன் 866-இல் எழுப்பிய விண்ணகரத்தோடு 95 சட்டர்கள் படிப்பதற்கு ஒரு சாலை அமைத்தான். அது காந்தளூர் முறைப்படி நடக்கவேண்டும் என்று செப்பேடே சொல்கிறது. எனில் சாலை என்ற சொல்லுக்குள் படிப்பும் சாப்பாடும் ஒழுங்கு விதிகளும் இருக்கின்றன. அரசனின் புகழுரையை அப்படியே நம்பிக் கடற்போர் ஒன்றைக் கற்பனை செய்வதற்கு முன்னால், சாலை, கலம் ஆகிய இரண்டு சொற்களையும் கல்வெட்டு வழக்கை வைத்து எடைபோட வேண்டும் என்பது கவிமணியின் நிலை. இதைச் சொல்லும் நூலை அவர் ஆங்கிலத்தில் எழுதினார், 1939-இல் வெளிவந்தது. விவாதம் இன்றும் முடியவில்லை. பேரரசன் ஒருவனின் வெற்றிச் செய்தியைக் கேட்டும் பரவசப்படாமல் சொல்லைச் சொல்லாகப் பார்த்த அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

இப்போது மான்மியம். கவிமணி எழுதியவற்றில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், நான் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய’த்தைத்தான் கையில் எடுப்பேன். ‘ஆசிய ஜோதி’ அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

வெளியூர் வாசகர்களுக்காக மருமக்கள்வழி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பகுதியினர் வேணாட்டு வழக்கத்தைத் தழுவிச் சொத்துரிமையை மாற்றிக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் சொத்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. அக்காள் தங்கையின் பிள்ளைகளுக்கு, அதாவது மருமக்களுக்குப் போகும். குடும்பத்தை நடத்துபவர் காரணவர். நிலம், வீடு, நெல், சாவி எல்லாம் அவர் கையில். அவர் மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்ற பெயரில் ஏதோ ஒரு பங்கு. அதையும் வழக்காடித்தான் வாங்கவேண்டியிருந்தது. பெற்ற அப்பனின் வயலில் விளைந்த நெல்லைப் பிள்ளை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அத்தை மகன் அளந்து கொண்டுபோவான். நாகர்கோவில் நீதிமன்ற வாசலில் பல வீடுகள் விழுந்தன.

1910-களின் இறுதியில் ‘தமிழன்’ என்ற இதழில் ஒரு பாட்டுக்கதை தொடராக, எழுதியவர் பெயரில்லாமல் வெளிவந்தது. கதையைச் சொல்பவள் ஒரு பெண். பஞ்சகல்யாணிப் பிள்ளை என்ற காரணவரின் ஐந்தாம் மனைவி. வாழ்ந்துகெட்ட ஒரு விதவை, வாசற்படியில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் ஒன்றுவிடாமல் சொல்கிறாள். மாமியார் ஆட்சி செய்ததைச் சொல்கிறாள், மற்ற மனைவியரோடு பட்ட பாட்டைச் சொல்கிறாள், கணவர் கோர்ட்டுக்கு நடந்து நடந்து குடும்பம் அழிந்ததைச் சொல்கிறாள். கம்பன் படலம் பிரித்ததுபோல இங்கேயும் படலங்கள்: மாமி அரசியற் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம் என்று. கோடு என்றால் நீதிமன்றம், எங்கள் ஊர் வாய்மொழி.

ஆண் ஒருவன் பெண் குரலில் எழுதுவது தமிழுக்குப் புதிதில்லை. அகத்துறைப் பாடல்கள் முழுக்க அதுதானே. ஆனால் அங்கே பேசுபவள் தலைவி. இங்கே பேசுபவள் அடுக்களையில் நின்று கால் வீங்கியவள். அவள் வாயில் நாஞ்சில் நாட்டுப் பழமொழி வருகிறது, வசவு வருகிறது, நகைப் பெயர் வருகிறது, பலகாரப் பெயர் வருகிறது, பிடாகை என்ற ஊர்த்தொகுதித் தலைவர்களின் பெருமை வருகிறது. அகவல் நடை, ஆனால் வாசிக்கும்போது எதிரில் ஒருத்தி பேசுவதுபோலவே இருக்கும். சிரித்துக்கொண்டே போவீர்கள். சட்டென்று ஓர் இடத்தில், பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு வழியில்லாத இடத்தில், சிரிப்பு நின்றுவிடும். என் பாட்டி எழுத்தறியாதவர். மான்மியத்தில் பல அடிகள் அவருக்கு மனப்பாடம். அதை அவர் இலக்கியமாகச் சொன்னதில்லை, தம் சொந்தக் கதையைப் போலவே சொல்வார். உகந்துடைமை என்ற சொல் வரும்போதெல்லாம் அவர் குரல் இறங்கும்.

திருவிதாங்கூர் அரசு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தை 1926-இல் கொண்டுவந்தது. குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கவும், மனைவி மக்கள் உரிமை கேட்கவும் அதில் வழி பிறந்தது. மான்மியம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சிலர் சொல்வதுண்டு. சமூகக் கூட்டங்கள், விண்ணப்பங்கள், சட்டமன்றப் பேச்சுகள் என்று பலர் உழைத்த உழைப்பை அப்படி ஒரே புத்தகத்தின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. பாட்டு செய்த வேலை வேறு. காரணவர்களே அதைக் கேட்டுச் சிரித்தார்கள். தன் வீட்டு அநியாயத்தை அடுத்த வீட்டுக் கதையாகக் கேட்டுச் சிரித்தவனுக்கு, மறுநாள் அதை நியாயம் என்று வாதாட வாய் எழாது. 1942-இல் மான்மியம் புத்தகமானபோது அது சொன்ன உலகம் மறையத் தொடங்கியிருந்தது.

இதே கண்தான் ‘தீண்டாதார் விண்ணப்பம்’ எழுதியது. 1926-இல் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. தேரூர்க்காரருக்கு இவை செய்தித்தாளில் படித்த செய்திகள் அல்ல, பக்கத்துத் தெருவில் நடந்தவை. அங்கும் அவர் தாம் பேசவில்லை, வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பேசவிட்டார். ‘பாரதியும் பட்டிக்காட்டானும்’ என்ற பாட்டிலும் அதே முறை. பாரதியின் பெருமையைச் சொல்லும் பொறுப்பை ஒரு நாட்டுப்புறத்தானிடம் ஒப்படைத்துவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொண்டார். பிறர் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்குவது இவருடைய பிறவிக் குணம் என்று தோன்றுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ‘மலரும் மாலையும்’ 1938-இல், 62 வயதில். ‘ஆசிய ஜோதி’ 1941-இல், 65 வயதில். ‘உமர்கய்யாம் பாடல்கள்’ 1945-இல், 69 வயதில். ‘கதர் பிறந்த கதை’ 1947-இல். கீர்த்தனைகள் 77 வயதில். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் முதல் பெரிய தொகுப்பே. எழுதிய தாள்கள் அதுவரை இதழ்களிலும் நண்பர்கள் கையிலும் கிடந்தன. ரசிகமணி டி.கே.சி. போன்றவர்கள் மேடைக்கு மேடை அவர் பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சுவைத்ததும் ஊர் கேட்கத் தொடங்கியது. 1940 டிசம்பர் 24-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய தமிழ்ச் சங்கத்தில் கரந்தைத் தமிழவேள் உமாமகேசுவரனார் கவிமணி என்ற பட்டத்தை வழங்கினார். அதற்கு முன்பே 64 ஆண்டு அவர் பட்டம் இல்லாமல் நன்றாகத்தான் இருந்தார்.

‘ஆசிய ஜோதி’ எட்வின் ஆர்னால்டு 1879-இல் எழுதிய ஆங்கிலக் காவியத்தைத் தழுவியது. ஆர்னால்டு புணேயில் அரசுக் கல்லூரி முதல்வராக இருந்து இந்தியாவைப் பார்த்தவர். அவருடைய நூலில் அடர்ந்த வர்ணனை அதிகம். கவிமணி அதை அப்படியே மாற்றவில்லை. தேவையான இடங்களை எடுத்து, தமிழில் பாட ஏற்ற சந்தங்களில் புதிதாகச் செய்தார். பிம்பிசாரனின் வேள்விக்கு ஆட்டு மந்தை ஓட்டிச் செல்லப்படுகிறது. நொண்டும் குட்டி ஒன்றைப் புத்தர் தூக்கிச் சுமக்கிறார். அரசன் முன் நின்று உயிருக்காக வாதாடுகிறார். இந்தக் காட்சி தமிழில் ஏன் இவ்வளவு உயிரோடு இருக்கிறது? கொடை விழாவில் கிடாவெட்டைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் எழுதியது என்பதால். கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்ட ஆட்டின் கத்தலை அவர் மகதத்தில் கேட்கவில்லை, நாஞ்சில் நாட்டில் கேட்டிருப்பார். அதே வட்டாரத்தில்தான் கொல்லாமை பேசிய சமணமும் இருந்தது. சிதறால் மலையின் தீர்த்தங்கரர் சிற்பங்களும், நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களில் உள்ள பார்சுவநாதர், மகாவீரர் உருவங்களும் அதற்குச் சாட்சி. ஒரே மண்ணில் இரண்டும். காவியத்தின் அந்தப் பகுதியைப் படிக்கிறபோது எனக்கு இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

உமர்கய்யாமைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1859-இல் பிட்ஸ்ஜெரால்டு பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததை வைத்து இவர் தமிழில் பாடினார். இனிய பாட்டுகள்தாம். ஆனால் மது, மயக்கம், நிலையாமை என்ற அந்த உலகில் கவிமணி விருந்தாளியாகவே இருக்கிறார். மான்மியத்தில் வீட்டுக்காரர். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பாடகர் வாய்க்கு உமர்கய்யாம் பாட்டுகள் மிகவும் வசதியானவை. அதை முடிவில் பார்ப்போம்.

1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பொன்னாடை போர்த்தி அவரைப் பாராட்டினார். இந்த ஆண்டைக் கவனிக்கவேண்டும். அண்ணாமலை நகரில் 1941-இல் தமிழிசை மாநாடு நடந்து, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்த நேரம் அது. கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருதக் கிருதிகளே நிறைந்திருந்தன. தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வந்துபோகும். தமிழில் பாடுங்கள் என்று கேட்டவர்களிடம், பாடத் தமிழில் உருப்படி எங்கே இருக்கிறது என்று எதிர்க்கேள்வி வந்தது. மாரிமுத்தாப் பிள்ளை, முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, நம் நீலகண்ட சிவன் என்று பழையவர்களைக் காட்டலாம். திருவனந்தபுரத்தில் கருவூல அதிகாரியாக இருந்த தி. லட்சுமணப் பிள்ளையும் தமிழ்க் கீர்த்தனைகள் செய்திருந்தார். பாபநாசம் சிவன் எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார். இன்னும் வேண்டியிருந்தது.

‘தேவியின் கீர்த்தனங்கள்’ இந்தச் சூழலில் சேர்த்துப் படிக்கவேண்டிய நூல். தலைப்பைப் பார்த்ததும் அம்பாள் மேல் பாடியவை என்று தோன்றும். தேசிகவிநாயகம் என்ற பெயரைச் சுருக்கினால் தே.வி. என்று வரும். அந்தத் தே.வி.யும் இந்தத் தலைப்புக்குள் இருக்கிறார். பெரிய பெயரும் பட்டமும் உள்ளவர், அட்டையில் இரண்டு எழுத்தாகச் சுருங்கித் தெய்வத்தின் பெயருக்குள் ஒளிந்துகொள்கிறார்.

அவர் தம்பூரா எடுத்து மேடை ஏறியவர் அல்லர். நீலகண்ட சிவனுக்குப் பாட்டு பாடும்போதே பிறந்தது. கவிமணி சாகித்தியம் செய்தவர், சொல் கட்டியவர். ஆனால் கீர்த்தனைக்குச் சொல் கட்டுவது செய்யுள் எழுதுவதைவிடக் கடினம். பல்லவியைப் பாடகர் பத்து முறை, இருபது முறை திருப்பிப் பாடுவார். முதல் தடவையிலேயே பொருள் தெளிய வேண்டும், இருபதாவது தடவையிலும் சலிக்கக் கூடாது. நீட்டும் இடத்தில் நெடில் வரவேண்டும். வல்லொற்று குறுக்கே நின்றால் குரல் அறுந்துபோகும். எதுகை தாள அடியில் விழவேண்டும். அனுபல்லவி பல்லவியை விளக்கவும் வேண்டும், மீண்டும் அதிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும். குழந்தையின் மூச்சை அளந்து அடி வகுத்தவருக்கு, பேரகராதிக்காகச் சொல்லை நிறுத்தவருக்கு, வில்லுப்பாட்டில் வலமும் இடமும் அடியை வாங்கித் திருப்புவதைக் கேட்டவருக்கு, இந்த வேலை கைவந்ததில் வியப்பில்லை. சமஸ்கிருதத் தொடர்களைக் கோத்துக் கனம் சேர்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. வீட்டில் பேசுகிற சொல்லே இறைவனிடமும் போகிறது.

இந்தக் கீர்த்தனைகள் மேடையில் அதிகம் ஒலிக்கவில்லை என்பது வருத்தம். கச்சேரி உலகம் பாடாந்தரத்தை நம்பி நடப்பது. குருவிடமிருந்து சீடனுக்கு வாய்வழியாக வந்த உருப்படியே நிலைக்கும். அச்சில் கிடக்கும் சாகித்தியத்தை எடுத்து மெட்டுப் போட்டு, பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் வேண்டும். கவிமணியைச் சுற்றித் தமிழ் வாத்தியார்கள் இருந்தார்கள், பாட்டு வாத்தியார்கள் இருந்ததாகத் தெரியவில்லை. நாகர்கோவிலில் இசை சொல்லிக்கொடுக்கிற யாரேனும் இதைப் படித்தால், அந்தச் சிறிய நூலைத் தேடி எடுத்து நான்கு பிள்ளைகளுக்காவது இரண்டு உருப்படி பாடம் செய்துவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1954. பிப்ரவரியில் டி.கே.சி. மறைந்தார். ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. நாஞ்சில் நாடு கலங்கிக் கிடந்தது. செப்டம்பர் 26-இல் கவிமணி காலமானார். தாய்மொழியை மடத்துத் திண்ணைக்குப் போய்க் கற்கவேண்டியிருந்த அந்தத் தேரூர்ச் சிறுவனின் ஊர் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் சேர்ந்தது. அதை அவர் பார்க்கவில்லை. 2005-இல் அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

உமர்கய்யாமைப் பற்றிச் சொல்ல ஒன்று பாக்கி வைத்தேன். கவிமணி மறைந்த மறு ஆண்டு, 1955-இல், கல்கியின் கதையை வைத்து ‘கள்வனின் காதலி’ திரைப்படம் வெளிவந்தது. அதில் கண்டசாலாவும் பானுமதியும் சேர்ந்து பாடிய ஒரு பாட்டு கவிமணியின் உமர்கய்யாமிலிருந்து எடுத்தது. கொட்டகைகளில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களும், வானொலிக்குப் பக்கத்தில் நின்றவர்களும், எழுதியவர் யார் என்று கேளாமலே அதைப் பாடத் தொடங்கினார்கள். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இரண்டு பேர், பாரசீகத்தில் பிறந்து ஆங்கிலம் வழியாக வந்த ஒரு கருத்தை, தேரூர்த் தமிழில் பாடினார்கள். ஓர் எழுத்தும் அவர்கள் நாவில் தடுக்கவில்லை.

அடுத்த பகுதியில் ஒழுகினசேரி. 1908-இல் அங்கே பிறந்து, வில்லுப்பாட்டைக் கொடைப் பந்தலிலிருந்து நாடு முழுவதற்கும் கொண்டுபோன என்.எஸ். கிருஷ்ணன்.